லைவ் சைட்டிலேயே கை வைக்கிற ஆபீஸில் கிட் கொண்டுவருவது எப்படி?

செமிகோலன் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கிச் சொன்னால் "கிட் கத்துக்கோ தம்பி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள். கிட் (புரோகிராம் கோடில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று பதிந்து வைத்து, பழையதை மீட்டுத் தரும் மென்பொருள்) எனக்குத் தெரியும். எங்கள் ஆபீஸுக்குத்தான் தெரியாது.

மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு புரோட்டாக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் ஒன்பது பேர். நாற்பது சைட்டுக்கு மேல் எங்கள் கையில் இருக்கிறது. ஜவுளிக் கடை, ஸ்கூல், ஸ்கேன் சென்டர், இரண்டு கல்யாண மண்டபம், முக்கால்வாசி வேர்ட்பிரஸ் என்ற சைட் கட்டும் மென்பொருளில் ஓடுவது. நான் சேர்ந்து இரண்டரை வருடம், சம்பளம் 19,000. வேலை எப்படி நடக்கும் என்றால், சர்வருக்கு ஃபைல் ஏற்றி இறக்கும் ஃபைல்ஜில்லாவைத் திறப்போம், மக்கள் பார்க்கிற லைவ் சர்வரில் இருக்கும் ஃபைலை வலது கிளிக் செய்து எடிட் கொடுப்போம், சேவ் செய்ததும் "ஏற்றிவிடவா?" என்று கேட்கும், ஆமாம் என்போம், முடிந்தது. ஸ்டேஜிங், அதாவது மாற்றங்களை முதலில் போட்டுப் பார்க்கும் ஒத்திகை சைட், கிடையாது. பேக்கப் என்றால், சைட்டின் முக்கியக் கோடு இருக்கும் ஃபங்ஷன்ஸ் ஃபைலுக்கு ஃபங்ஷன்ஸ்-பழையது, ஃபங்ஷன்ஸ்-பழையது-2, ஃபங்ஷன்ஸ்-கடைசி, ஃபங்ஷன்ஸ்-உண்மையான-கடைசி என்று சர்வரிலேயே நாலு ஃபைல் கிடக்கும்.

இந்தச் சித்திரைத் திருவிழாவில்தான் வினை வந்தது. சுங்குடிச் சேலை விற்கும் கடை ஒன்று எங்கள் கிளையண்ட். அவர்கள் சைட்டில் சேலைப் பெயர் நீளமாக இருந்தால் 20 எழுத்தோடு வெட்டுவதற்கு யாரோ எப்போதோ கோடு எழுதி வைத்திருக்கிறார்கள். "மதுரை சுங்குடி காட்டன் சேலை" என்பது "மதுரை ச" என்று வந்து, பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி நிற்கும். அதைச் சரிசெய்ய எதிர்சேவை அன்று சாயங்காலம் ஃபங்ஷன்ஸ் ஃபைலைத் திறந்தேன். பாதி மாற்றிவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று அப்படியே திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்று இரவு எட்டு மணிக்குக் கடைக்காரர் எங்கள் சீனியர் அண்ணனுக்குப் போன் செய்து, வெளியூர் ஆர்டருக்கு 80 ரூபாய் டெலிவரி சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அண்ணன் வீட்டிலிருந்தே, சர்வரை நிர்வகிக்கும் சி-பேனலுக்குள் போய் அதே ஃபைலில் சேர்த்துவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்ற வழக்கமும் இல்லை.

மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிற நாள். ஊருக்கே லீவு, எங்களில் மூன்று பேருக்கு மட்டும் ஆபீஸ். பத்து மணிக்கு வந்தேன், மிச்ச வேலையை முடித்தேன், சேவ் செய்தேன், ஏற்றவா என்றது, ஆமாம் என்றேன். அண்ணன் சேர்த்த 80 ரூபாய் போயே போச்சு. எந்த எர்ரரும் வரவில்லை, சைட் அழகாக ஓடியது. மத்தியானம் மூன்று மணிக்குக் கடையில் பார்சல் கட்டுகிற அக்கா பில்லைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்கள். அதற்குள் 23 ஆர்டர் டெலிவரி காசு இல்லாமல் போயிருந்தது.

அண்ணனிடம் அந்தக் கோடுக்கு வேறு காப்பி இல்லை, நேராக சர்வரில் எழுதியது. அவர் விடியற்காலை ஆற்றுக்குப் போய்விட்டு வந்து போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறார். ஹோஸ்டிங்காரர்கள் (சைட்டுக்கு சர்வரில் இடம் வாடகைக்குத் தருபவர்கள்) எடுத்து வைத்திருக்கும் முந்தைய நாள் பேக்கப்பை எடுக்கலாம் என்றால், உள்ளே போக ஓடிபி முதலாளி போனுக்கு வரும். முதலாளி வண்டியூர்ப் பக்கம் ஒரு மண்டகப்படியில் குடும்பத்தோடு நிற்கிறார், எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. சரி, நாமே எழுதிவிடுவோம் என்று பதற்றத்தில் எழுதினேன். ஒரு செமிகோலனை விட்டுவிட்டேன். மொத்த சைட்டும் "கடுமையான பிழை" என்று ஒரு வரியைக் காட்டிக்கொண்டு நின்றது.

டாஷ்போர்டில் இருக்கும் எடிட்டரில் எழுதியிருந்தால் 4.9-இலிருந்து வேர்ட்பிரஸே அதைக் கண்டுபிடித்து சேவ் செய்ய மறுத்திருக்குமாம், ஃபைல்ஜில்லா வழியாகப் போனால் அந்தக் காவல் கிடையாது என்பது அப்புறம் தெரிந்தது. 5.2-இலிருந்து இப்படி ஆனால் அட்மின் மெயிலுக்கு ஒரு ரெகவரி லிங்க் வரும், அது வந்திருக்கிறது. யாருக்கு? ஆபீஸை விட்டுப் போய் மூன்று வருடமான ஒருவரின் சொந்த ஜிமெயிலுக்கு. அவர் இப்போது பெங்களூரில் இருக்கிறார்.

இதற்கிடையில் ஃபைல்ஜில்லா கனெக்‌ஷன் அறுந்து, மறுபடி போகும்போது பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடித்ததில் ஹோஸ்டிங் ஃபயர்வால் எங்கள் ஆபீஸ் ஐபியையே பிளாக் செய்துவிட்டது. கடைசியில் என் போன் ஹாட்ஸ்பாட்டில் போய் அந்த ஒரு செமிகோலனைப் போட்டேன். திருவிழாத் தள்ளுபடி ஓடிக்கொண்டிருக்கும்போது 40 நிமிடம் கடை பூட்டிக் கிடந்த மாதிரி.

முதலாளி நல்லவர், திட்டவில்லை. "பாத்து பண்ணுப்பா" என்றார். 23 ஆர்டருக்கான 1,840 ரூபாயை எங்கள் பில்லில் கழித்துக் கொடுத்துவிட்டார். நான் கிட், ஸ்டேஜிங் என்று பேச்செடுத்தால் "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குப்பா" என்கிறார். சீனியர் அண்ணன், "பதினாலு வருஷமா இப்படித்தான் பண்றோம், ஒண்ணும் ஆகலையே" என்கிறார். (ஆனதே! நேற்றுத்தானே ஆனது!)

கீழே இருக்கிற ஆள் இதை எப்படிக் கொண்டுவருவது? முடியாது என்றால் ஐடி பார்க் இருக்கும் வடபழஞ்சி, இலந்தைக்குளம் பக்கம் வேறு இடம் பார்ப்பதா, சென்னைக்கே போய்விடுவதா?

பைபாஸ் பறவை:

ரெஸ்யூமை எடு, தூசி தட்டு, கிளம்பு. இரண்டரை வருடம் அங்கே இருந்ததே அதிகம். நானும் இப்படி ஓர் இடத்தில் நாலு வருடம் இருந்துவிட்டு சென்னையில் இன்டர்வியூவுக்குப் போனேன். "மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்தால் என்ன செய்வீர்கள்", அதாவது கிட்டில் ஒரே வரியை இருவர் மாற்றி மோதினால் என்ன செய்வது, என்று கேட்டார்கள். எங்கள் ஆபீஸில் கான்ஃப்ளிக்ட் என்றால் யார் டீ வாங்கப் போவது என்பதுதான். முழித்தேன், அனுப்பிவிட்டார்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை அங்கே கொடுத்து வைத்திருந்தால் முதலில் அதை வாங்கு.

திருநகர் அக்கா:

தம்பி, போவதும் இருப்பதும் உன் இஷ்டம், ஆனால் போவதற்கு முன்னால் இதைச் செய்து பார்த்துவிட்டுப் போ. போகிற இடத்தில் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவாய். நான் பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், ஏழு வருடம் சென்னை, இப்போது திருநகரில் வீட்டிலிருந்தே. சென்னையில் நான் இருந்த கம்பெனியில் கிட் உண்டு, ரிவ்யூ உண்டு, தினமும் இரவு இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் பேக்கப்பும் உண்டு. ஒருநாள் தேவைப்பட்டது, திறந்தோம். மூன்று மாத ஃபைல்களும் தேதி வாரியாக வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றும் 20 பைட். யாரோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள், எடுக்கிற கமாண்ட் தோற்றுப்போய் வெறுங்கையோடு வந்திருக்கிறது, அந்த வெறுமையை, ஃபைலைச் சுருக்கும் ஜிஜிப் ஒழுங்காக மூட்டை கட்டி வைத்திருக்கிறது. காலி மூட்டையின் எடை 20 பைட். அதனால் பேக்கப் இருக்கிறதா என்று என்னிடம் யாராவது சொன்னால் நான் கேட்கும் ஒரே கேள்வி, கடைசியாக எப்போது அதைத் திறந்து சைட்டை ஓட்டிப் பார்த்தீர்கள் என்பதுதான்.

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். நீ கிட் இல்லை என்கிறாய், எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது சாவி. ஓடிபி ஒருவர் போனில், ரெகவரி மெயில் பெங்களூரில், அண்ணன் தூக்கத்தில். கிட் இருந்திருந்தாலும் அன்று உனக்குக் கதவு திறந்திருக்காது. அதனால் முதல் வேலை, நாற்பது சைட்டுக்கும் ஒரு ஷீட் போடு. டொமைன் யார் பெயரில், எப்போது முடிகிறது, ஹோஸ்டிங் எங்கே, ஓடிபி எந்த நம்பருக்கு, அட்மின் மெயில் எது. பாஸ்வேர்டை மட்டும் ஷீட்டில் எழுதாதே, அதற்கென்று இருக்கும் ஆப்பில் வை. இதற்கு யாரும் உன்னைத் தடுக்க மாட்டார்கள், பார்த்ததும் முதலாளிக்கே வயிற்றைக் கலக்கும்.

அப்புறம் கிட். நாற்பது சைட்டையும் தூக்காதே, அந்தச் சுங்குடிக் கடை ஒன்று மட்டும் போதும். லைவில் இருப்பதை அப்படியே உன் மெஷினுக்கு இறக்கு. தீம் ஃபோல்டரும் நீங்களே எழுதிய பிளகின்களும் மட்டும் கிட்டில் போகட்டும். அப்லோட்ஸ் (ஏற்றிய படங்கள்) வேண்டாம், வேர்ட்பிரஸின் கான்ஃபிக் ஃபைல் வேண்டவே வேண்டாம், அதில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கிறது. முதல் கமிட்டுக்கு (கிட்டில் போடும் பதிவுக்கு) "இன்று லைவில் இருப்பது" என்று பெயர் வைத்துவிடு. தயவுசெய்து அந்தக் கிட் ஃபோல்டரை, சர்வரில் வெளியாருக்குத் திறந்திருக்கும் பப்ளிக் ஹெச்டிஎம்எல்லுக்குள் போட்டுவிடாதே, வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் கோடு வரலாறு முழுவதையும் இறக்கிக்கொள்ளலாம். உங்கள் "பேக்கப்" ஃபைல்களும் அங்கேதான் கிடக்கின்றன என்று நினைக்கிறேன், ஜிப் ஏதாவது இருந்தால் இன்றைக்கே எடு.

இப்போது சீனியர் அண்ணன் விஷயம். அவரைக் கிட் கற்றுக்கொள்ளச் சொல்லாதே. பதினாலு வருடம் ஒரு வழியில் நடந்த மனிதர், நீ சொல்லி மாற மாட்டார், மாற வேண்டிய அவசியமும் இப்போதைக்கு இல்லை. நீ ஒன்று செய். தினமும் காலையில் வந்ததும், எதையும் தொடுவதற்கு முன்னால், லைவ் ஃபைல்களை மறுபடி உன் ஃபோல்டருக்குள் இறக்கிவிட்டு, மாறிய வரிகளைக் காட்டும் கிட் டிஃப் கமாண்டை அடி. முந்தைய இரவு அவர் வீட்டிலிருந்து செய்ததெல்லாம் பச்சையும் சிவப்புமாகத் தெரியும். அதை "அண்ணன், டெலிவரி 80 ரூபாய்" என்று நீயே கமிட் செய்துவிடு. அவர் பழைய வழியிலேயே வேலை செய்வார், அவர் வேலையும் கிட்டில் பத்திரமாக இருக்கும். (இறக்கும்போது ஃபைல்ஜில்லாவில் டிரான்ஸ்ஃபர் டைப்பை பைனரி என்று வை. ஆட்டோவில் விட்டால் வரி முடிவுகளை அதுவாக மாற்றிவிடும், ஒன்றுமே மாறாத ஃபைல் எல்லாம் மாறின மாதிரி காட்டி உன் உயிரை எடுக்கும். நான் ஒரு முழு நாளை இதில் தொலைத்திருக்கிறேன்.) ஒருநாள் அவரே வந்து "அந்தப் பழைய கோடு எப்படி இருந்துச்சு" என்று கேட்பார். பத்து விநாடியில் எடுத்துக் காட்டு. அன்றைக்குப் பேசு கிட்டைப் பற்றி, அதற்கு முன்னால் வாயைத் திறக்காதே.

ஸ்டேஜிங் ஒரு சப்டொமைனில் அதே ஹோஸ்டிங்கிலேயே போடலாம், தனிச் செலவு கிடையாது. பாஸ்வேர்டு போட்டு மூடு, கூகுள் உள்ளே வராத மாதிரி வை. ஆனால் லைவுக்கு மாற்றும்போது அந்தத் தேடல் தடையை எடுக்க மறந்து மாசக் கணக்கில் கடை கூகுளில் இல்லாமல் போன கதை எல்லா ஆபீஸிலும் உண்டு, அதையும் ஷீட்டில் எழுதி வை. லைவ் டேட்டாபேஸைக் காப்பி எடுத்துப் போடும்போது வாடிக்கையாளர் மெயிலும் நம்பரும் கூடவே வரும். நீ டெஸ்டுக்கு ஆர்டர் நிலையை மாற்றினால் உசிலம்பட்டியில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு "உங்கள் சேலை அனுப்பப்பட்டது" என்று மெசேஜ் போகும். மெயிலையும் எஸ்எம்எஸ்ஸையும் முதலில் அடை, பேமெண்டை டெஸ்ட் மோடில் வை.

கடைசியாக, வெள்ளிக்கிழமை சாயங்காலமும் திருவிழா அன்றும் லைவில் கை வைக்காதே. இது டெக்னாலஜி இல்லை, ஆள் இருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அண்ணாநகர் ஆபீஸ்காரன்:

முதலாளி தரப்பிலிருந்து ஒருவன் பேசுகிறேன், அடிக்க வராதீர்கள். எனக்கும் ஏழு பேர் வைத்து இதே தொழில்.

தம்பி, உங்கள் முதலாளி ஏன் "அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு" என்கிறார் தெரியுமா? ஒரு சைட்டுக்கு 18,000 ரூபாய் பேசுவோம், ஜிஎஸ்டி 18 சதவீதம் என்றதும் கிளையண்ட் முகம் மாறும், "பில் வேண்டாம், பார்த்துப் போடுங்க" என்பார், முன்பணம் பாதி வரும், மீதி எப்போது என்று மீனாட்சிக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு மூன்று வருடம் "ஒரு சின்ன சேஞ்ச்தான்" என்று போன் வந்துகொண்டே இருக்கும். அந்தச் சின்ன சேஞ்சுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. காசு வராத வேலைக்கு ஸ்டேஜிங், டெஸ்டிங் என்று நேரம் ஒதுக்கச் சொன்னால் அவர் காதில் அது எப்படி விழும்? நஷ்டத்தை இரண்டு மடங்காக்கச் சொல்வதாகத்தான் விழும்.

இன்னொரு பயமும் உண்டு, வெளியே சொல்ல மாட்டோம். கோடு எல்லாம் இன்டர்நெட்டில் ஏதோ ஒரு கணக்கில் போனால், பையன் வேலையை விட்டுப் போகும்போது எல்லாவற்றையும் கொண்டுபோய்விடுவான் என்று. அதனால் கிட் கோடை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் கணக்கை உன் சொந்த மெயிலில் தொடங்காதே, ஆபீஸ் மெயிலில் தொடங்கி அவர் கையில் பாஸ்வேர்டைக் கொடு. காசு கேட்பானோ என்ற பயமும் இருக்கும். பிரைவேட் ரெப்போ (வெளியாருக்குத் தெரியாத கோடுக் கிடங்கு) 2019-இலிருந்து இலவசம், 2020-இலிருந்து எத்தனை பேர் சேர்ந்து வேலை செய்தாலும் இலவசம். இந்த இரண்டையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடு.

நான் திருந்திய கதை வேறு. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஆட்டோ டெபிட் விதியை மாற்றியபோது, என் கிரெடிட் கார்டில் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த வெளிநாட்டு ஹோஸ்டிங் பில் நின்றுபோனது. பணம் எடுக்க முடியவில்லை என்று மெயில் மேல் மெயில் அனுப்பியிருக்கிறார்கள். அந்த மெயில்பாக்ஸை யாரும் திறப்பதே இல்லை. ஒரு காலையில் மூன்று சைட் இல்லை. அதில் ஒன்று ஸ்கூல், நல்லவேளை அட்மிஷன் நேரம் இல்லை, தப்பித்தேன். அன்றிலிருந்து அக்கா சொன்ன அந்த ஷீட்டுதான் எங்கள் ஆபீஸில் குலதெய்வம். பராமரிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் தனியாக வாங்குகிறேன், கொடுக்க முடியாது என்பவர்களிடம் சாவியை ஒப்படைத்துக் கும்பிடு போட்டுவிட்டேன். பாதிப் பேர் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தில்தான் என் பையன்களுக்கு டெஸ்ட் செய்து பார்க்க நேரம் கிடைக்கிறது.

நீ அவரிடம் கிட் என்ற வார்த்தையையே சொல்லாதே. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. டெலிவரி 1,840 ரூபாய், மூன்று பேர் ஒரு மத்தியானம், கடைக்காரர் இனிமேல் புது வேலை கொடுப்பாரா என்பது சந்தேகம். கீழே, இது மறுபடி நடக்காமல் இருக்க வாரம் இரண்டு மணி நேரம், செலவு பூஜ்யம் என்று எழுது. கூட்டல் கழித்தல் எங்களுக்குப் புரியும்.

பைபாஸ் பறவைக்கு ஒரு வார்த்தை: எல்லோரும் கிளம்பிப் போனால் இந்த ஊரில் ஆபீஸ் யார் நடத்துவது, சொல்லுங்கள்.

பைபாஸ் பறவை:

சம்பளத்தை 35,000 ஆக்குங்கள் அண்ணே, அடுத்த பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் வந்து இறங்குகிறேன்.

எழுத்துப் பெட்டி:

எல்லோரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள், அந்த "மதுரை ச" கேள்விக்குறியை யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. நான் பழைய பிரஸ்காரன், டவுன்ஹால் ரோடு பக்கம் டிடிபி சென்டரில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தவன், இப்போது சைட் முன்பக்க வேலை செய்கிறேன். (இன்னமும் கிளையண்ட்கள் பாமினியில் அடித்த ஃபைலை அனுப்பி "அப்படியே போட்டுருங்க" என்கிறார்கள். அதை யூனிகோடாக மாற்றி, ஒரு முறை கண்ணால் படித்துப் பார்ப்பதே தனி வேலை.)

கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். சொல்லை வெட்டும் சாதாரண சப்ஸ்டர் கமாண்ட் எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். "மதுரை" என்பதில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து, அதாவது 15 பைட். இடைவெளி 1, ஆக 16. அடுத்து ச, 19 ஆயிற்று. இருபதாவது பைட், "சு"வின் உகரக் குறியில் முதல் துண்டு. அங்கே கத்தி விழுகிறது. மூன்றில் ஒரு பங்கு குறியை வைத்துக்கொண்டு பிரவுசர் என்ன செய்யும், கேள்விக்குறிதான் போடும். இந்த அறுந்த துண்டு, பட்டியலைப் பிரவுசருக்கு அனுப்பக் கட்டித் தரும் ஜேசன் என்கோடுக்குள் போனால் இன்னும் மோசம், அது மொத்தத்தையும் மறுத்து "ஃபால்ஸ்" என்று திருப்பிவிடும், சேலைப் பட்டியலே காலியாக வரும்.

நீ எம்பி-சப்ஸ்டர் போட்டிருப்பாய், சரியா? கேள்விக்குறி போய்விடும், பிரச்சினை போகாது. அது குறிகளை எண்ணும், நாம் எண்ணுகிற எழுத்தை எண்ணாது. "சுங்குடி" நமக்கு நாலு எழுத்து, அதற்கு எட்டு. மொபைலுக்காக யாராவது 11 என்று வைத்தால் "மதுரை சுங்க" என்று நிற்கும். சேலைக் கடை கஸ்டம்ஸ் ஆபீஸ் ஆகிவிடும்! எழுத்தாகவே வெட்ட வேண்டும் என்றால் கிராஃபீம்-சப்ஸ்டர் இருக்கிறது, ஆனால் சர்வரில் இன்டில் எக்ஸ்டென்ஷன் இருக்க வேண்டும், ஷேர்ட் ஹோஸ்டிங்கில் சில சமயம் நாமே போய் டிக் செய்ய வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன், வருத்தப்படாதே. பெயரைக் கட்டத்துக்குள் அடக்குவதற்குத்தானே இந்த வெட்டெல்லாம்? பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ எலிப்சிஸ் என்று மூன்று வரி எழுதினால், இடம் இருக்கிற வரை காட்டிவிட்டுப் புள்ளி வைத்து நிறுத்தும், போனுக்கும் லேப்டாப்புக்கும் தனித்தனியாக எண்ண வேண்டாம், முழுப் பெயரும் கூகுளுக்கும் தெரியும். ஃபங்ஷன்ஸ் ஃபைலை நீ தொட்டிருக்கவே வேண்டாம்.

செமிகோலன் தம்பி:

எழுத்துப் பெட்டி அண்ணே, கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் ஆயிற்று, சொல்லிவிடுகிறேன். அக்கா சொன்ன ஷீட் போட்டேன். சரியாக 41 சைட். அதில் ஆறு சைட்டின் அட்மின் மெயில் அதே பெங்களூர்காரருடையது, போன் செய்து எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. (அந்த ரெகவரி மெயில் அவருக்கு அழகர் அன்று மூன்றே முக்காலுக்கே வந்ததாம், ஸ்பாம் என்று நினைத்து அழித்துவிட்டாராம்.) ஒரு கல்யாண மண்டபத்தின் டொமைன் ஓனரின் தங்கச்சி மகன் பெயரில் இருக்கிறது, அவர் துபாயில் இருக்கிறார், இன்னும் பதினாறு நாளில் முடிகிறது. முதலாளியிடம் ஷீட்டைக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, இரண்டு முறை மேலிருந்து கீழே படித்தார், சாயங்காலம் ஆபீஸுக்கென்று ஒரு புது சிம் வாங்கி வந்துவிட்டார். இனி ஓடிபி எல்லாம் அதற்குத்தான், போன் ஆபீஸ் மேசையிலேயே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சுங்குடிக் கடை பேக்கப்பை என் லேப்டாப்பில் எக்ஸாம்ப் (லேப்டாப்பையே சர்வராக்கும் மென்பொருள்) போட்டு ஓட்டிப் பார்த்தேன். 20 பைட் இல்லை, பிழைத்தேன். சைட் வந்தது, ஆனால் சேலைப் படம் ஒன்றுகூட இல்லை. அந்த ஹோஸ்டிங் பேக்கப் டேட்டாபேஸையும் கோடு ஃபைல்களையும் மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது, அப்லோட்ஸை யாரும் சேர்க்கவே இல்லை. இப்போது சேர்த்தாயிற்று.

தினமும் காலையில் டிஃப் பார்க்கிறேன், அண்ணன் பெயரில் ஒன்பது கமிட் போட்டிருக்கிறேன், அவருக்குத் தெரியாது. கிட்டைப் பற்றி இன்னும் அவரிடம் பேச்செடுக்கவில்லை, அக்கா சொன்னபடி காத்திருக்கிறேன். பெயர் வெட்டுகிற கோடை எடுத்துவிட்டு சிஎஸ்எஸ்ஸில் செய்துவிட்டேன், முதலில் ஸ்டேஜிங்கில்.

நேற்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குக் கடைக்காரர் போன் செய்து, அந்த 80 ரூபாயை 90 ஆக்கச் சொன்னார். திங்கட்கிழமை காலையில் செய்து தருகிறேன் என்றேன். "சரிப்பா" என்று வைத்துவிட்டார்.